ஹெட்லைட் எரிகிறது, வண்டி எடுக்கவில்லை

மார்கழிக் கடைசி. பன்னீர்க் கரும்புக்கு எங்கும் கிராக்கி. கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற சாலையில் நெல்லிக்குப்பம் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். அங்கே ஒரு களத்தில் கட்டுக்கட்டாகக் கரும்பு ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, விடிவதற்குள் கிளம்ப வேண்டிய பழைய டாடா 207 ஒன்று படுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் 'ர்ரூ... ர்ரூ...' என்று இழுக்கிறது, ஆனால் பற்றவில்லை. ஐந்து நிமிடத்தில் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து சேர்வார்கள். பம்ப் போயிருக்கும் என்பார் ஒருவர். நாசில் என்பார் இன்னொருவர். எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்று சத்தியம் செய்ய ஒருவர் எப்போதும் இருப்பார். பேட்டரியாக இருக்குமோ என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் வண்டிக்காரருக்குக் கோபம் வந்துவிடும்.

"லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரியுது தம்பி. பேட்டரியில ஒரு கொறையும் இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, நன்றாக இருந்த டீசல் பம்ப்புகள் எத்தனையோ அவிழ்க்கப்பட்டிருக்கின்றன. வாக்கியத்தில் பொய் இல்லை, விளக்கு எரிகிறதுதான். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. அந்தக் கோளாறு எங்கே என்று பிடித்துவிட்டால் பழைய டீசல் வண்டியின் முக்கால்வாசி நோய்க்கு வழி தெரிந்துவிடும்.

பழைய வண்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் டீசல் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் படிக்கிறார். பழைய 207 டிஐ, பழைய மேக்ஸ் பிக்கப் போன்றவற்றில் அப்படி எதுவும் இல்லை. பேட்டரி, செல்ப் மோட்டார், கியர் ஓட்டும் இயந்திரப் பம்ப், நான்கு நாசில். இயற்பியல் அப்பட்டமாக வெளியே தெரிகிற வண்டி. காது, கை, நூற்றுச் சொச்சம் ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

முதலில் விளக்கு. ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 60 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பேட்டரி தர வேண்டிய கரண்ட் சுமார் 10 ஆம்பியர். மூன்று லிட்டர் டீசல் எஞ்சினைச் சுழற்ற செல்ப் மோட்டார் கேட்பது 300 ஆம்பியர் அளவு. அசையாமல் நிற்கும் எஞ்சினை முதலில் புரட்டும் நொடியில் அதைப்போல் இரு மடங்குகூட இழுக்கும். பத்து ஆம்பியர் தந்தவன் முந்நூறும் தருவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

லாரி, பிக்கப், டிராக்டர் எல்லாவற்றிலும் இருக்கும் ஈய-அமிலப் பேட்டரி 1859-ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த அமைப்பின் வாரிசு. ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு தகடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறைக்கு 12.6. கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்புகிறது. வண்டி ஓடாமல் கிடந்து, பேட்டரியும் இறங்கிப்போய் வாரக்கணக்கில் நின்றால் சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. தகட்டில் வேலை செய்யும் பரப்பு குறைந்துபோகிறது.

பரப்பு குறைந்த பேட்டரியும் 12.6 வோல்ட் காட்டும். வோல்டேஜ் என்பது வேதிப்பொருள் இன்னது என்பதைச் சொல்கிறதே தவிர, அது எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பரப்பைச் சொல்வது பேட்டரியின் உள்மின்தடை. நல்ல பேட்டரியில் அது ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவு. 300 ஆம்பியர் எடுத்தால் 300 × 0.006 = 1.8 வோல்ட் உள்ளேயே கழிந்து, வெளியே 10.8 வரும். எஞ்சின் மிடுக்காகச் சுற்ற அது போதும். கிழட்டுப் பேட்டரியில் அதே தடை ஆயிரத்தில் இருபது பங்காகியிருக்கும். 300 ஆம்பியருக்கு 6 வோல்ட் உள்ளேயே போய்விடும், மிஞ்சுவது 6.6. அதே பேட்டரி விளக்குக்கு 10 ஆம்பியர் தரும்போது இழப்பது வெறும் 0.2 வோல்ட். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வண்டிக்காரர் பார்த்தது அதைத்தான்.

நல்ல மெக்கானிக் இதைச் சூத்திரமாகச் சொல்ல மாட்டார். வந்ததும் ஒன்று கேட்பார்:

"லைட்ட அணைக்காதீங்கண்ணா, எரியட்டும். இப்ப செல்ப் எடுங்க."

சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்று விளக்கைப் பார்ப்பார். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். வோல்டேஜ் பாதியானால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் செல்ப் எடுக்கும் அந்த மூன்று நொடிக்கு ஹெட்லைட்டே ஒரு வோல்ட்மீட்டர். விளக்கு செம்மஞ்சளாகிச் சாகிறதா? பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது பேட்டரி முனையில் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அழுக்கு. கொஞ்சம் மங்கி, எஞ்சினும் நன்றாகச் சுற்றுகிறதா? மின்சாரப் பக்கம் சரி, டீசல் பக்கம் போகலாம். செல்ப் அசையவே இல்லை, விளக்கும் துளிகூட மங்கவில்லையா? கரண்ட் செல்ப்புக்குப் போய்ச் சேரவே இல்லை: சோலனாய்டு, அதற்கு வரும் வயர், சாவி சுவிட்ச். நாலாவது ஒன்று உண்டு, அதுதான் ஆளைச் சுற்றவிடும். விளக்கு கொஞ்சம்தான் மங்குகிறது, எஞ்சினோ நொண்டுகிறது. நம் கரும்பு வண்டியில் நடப்பது அதுதான் என்று கொள்வோம்.

அதற்குப் போகுமுன் பேட்டரியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. குளிர் நாட்டு நூல்கள் பேட்டரியைக் கொல்வது குளிர் என்று எழுதும். நம் ஊரில் கொல்வது அக்னி நட்சத்திரம். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவிதி. தகட்டைத் தாங்கும் ஈயக் கம்பிவலை அரிப்பதும் அப்படித்தான் கூடும். மே மாதம் உள்ளுக்குள் சிதைந்த பேட்டரி மார்கழி விடியலில் காலை வாரும். பழி குளிருக்குப் போகும். இரண்டாவது, தண்ணீர். அமிலம் குறைந்தால் போர் தண்ணீரையே மொண்டு ஊற்றுகிறவர்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும். வடிநீர் ஒரு லிட்டர் வாங்க ஆகும் செலவைப் பார்த்துச் சில ஆயிரம் ரூபாய்ப் பேட்டரியை அழிப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது நாலாவது வகை. செல்ப்புக்குப் போகும் கரண்ட் சிவப்புக் கேபிள் வழியாகப் போய்விட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. எஞ்சின் உடம்பு வழியாக, எர்த் பட்டை வழியாக, சேசிஸ் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பி வர வேண்டும். போன 300 ஆம்பியரும் திரும்ப வேண்டும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்றை போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் ஆடுவதால் அந்தப் பட்டையும் ஆடிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் சேறு, ஆயில், கடல் காற்று. பட்டையின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும்; போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும் பூத்திருக்கும். ஹெட்லைட்டின் எர்த்தோ தனியாக பாடியில் இருக்கிறது. இந்தப் பட்டை வழியே அது போவதில்லை. ஆகவே பட்டை எவ்வளவு மோசமானாலும் விளக்கு பளிச்சென்றே எரியும்.

அந்தப் போல்ட்டின் அடியில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தால் என்ன ஆகும்? சாதாரண மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்தால் சுழி என்றே காட்டும். அதன் கண்ணுக்கு அவ்வளவு சிறிய தடை தெரியாது. ஆனால் 300 ஆம்பியர் ஓடும்போது 300 × 0.01 = 3 வோல்ட் அங்கே விழும். 300 × 300 × 0.01 = 900 வாட் அங்கே சூடாகும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் மொத்தச் சூடும் ஒரு போல்ட்டின் அடியில். இரண்டு மூன்று முறை செல்ப் எடுத்துவிட்டு விரல் வைத்துப் பார்த்தால் சுடும். மீட்டர் இல்லாத மெக்கானிக்குகள் காலகாலமாக இப்படித்தான் பிடித்தார்கள்: கேபிளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவது, எந்த இணைப்பு சுடுகிறதோ அதை அவிழ்ப்பது.

மீட்டர் இருந்தால் இன்னும் சுத்தமான வழி. அதை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் (கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும்), மறுமுனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பில் அழுத்திப் பிடித்து, ஒருவரை செல்ப் எடுக்கச் சொல்ல வேண்டும். ஓய்வில் சுழி காட்டும். செல்ப் எடுக்கும்போது அரை வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நல்லது. 3 என்று ஏறினால் திருடன் இந்தப் பாதையில்தான் இருக்கிறான். பிறகு மறுமுனையை எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு மாற்றி இன்னொரு முறை. 3 வோல்ட் மறைந்துவிட்டதா? அப்படியானால் பட்டையில். இன்னும் காட்டுகிறதா? பேட்டரிக்கும் சேசிஸுக்கும் நடுவில். இரண்டே அளவில் முடிந்துவிடும் வேலை.

பட்டையை அவிழ்த்து, போல்ட் முகத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்துத் திருப்பி இறுக்கினால் போதும். இழை பாதி அறுந்திருந்தால் புதுப் பட்டை. பேட்டரிக் கிளாம்ப்பில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்குச் சமையல் சோடாவும் வெந்நீரும். அமிலத்தைச் சோடா முறிக்கும்போது நுரைக்கும். நுரை அடங்கினால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். சோடாக் கரைசல் பேட்டரி மூடிக்குள் மட்டும் இறங்கிவிடக் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். இதே வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், கடைசி இணைப்பைப் பேட்டரி அருகே கொடுத்தால் பொறி பறந்து வெடிக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர், கறுப்புக் கேபிளை எஞ்சின் இரும்பிலேயே கவ்வுகிறார். சரியான, பாதுகாப்பான முறை. வண்டி ஒரே சுற்றில் பற்றிக்கொள்கிறது. எல்லோரும் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, பேட்டரிதான்." புதுப் பேட்டரி வாங்கி மாட்டுவார்கள், மறுநாள் பழைய கதை. எஞ்சினில் கவ்விய அந்தக் கறுப்புக் கேபிள் கெட்டுப்போன எர்த் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பாதையைத் திறந்துவிட்டதுதான் வண்டி எடுத்ததற்குக் காரணம். புதுப் பேட்டரி அந்தப் பட்டையைத் தொடவே இல்லை.

செல்ப் மோட்டாரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கார்களுக்கு மின்சார செல்ப்பைச் சார்லஸ் கெட்டரிங் 1911-ல் செய்துகாட்டினார். 1912 காடிலாக்கில் அது வந்தது. அதற்குமுன் பணப்பெட்டி இயந்திரங்களுக்கு மோட்டார் செய்துகொண்டிருந்தவர் அவர். சில நொடி மட்டுமே ஓடப்போகிற மோட்டாரை அதன் சக்திக்கு மீறிய பளுவில் ஓட்டலாம், சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும் என்ற கணக்கை அங்கிருந்து கொண்டுவந்தார். அதனால்தான் எஞ்சினையே புரட்டுகிற மோட்டார் கைக்கு அடங்குகிற அளவில் இருக்கிறது. 1961-ல் தொடங்கிய சென்னைப் பாடியின் லூகாஸ் டிவிஎஸ் முதல் இன்றுவரை எல்லோரும் செய்வது அந்தக் கணக்கில்தான். பற்றவில்லையே என்று அரை நிமிடம் சாவியை விடாமல் பிடிப்பவர் அந்தக் கணக்கைத்தான் உடைக்கிறார். பத்து நொடி, பிறகு ஒரு நிமிட ஓய்வு. பிரஷ் தேய்ந்தால், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசினால் செல்ப்பை இறக்கத்தான் வேண்டும். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

நம் வண்டிக்கு வருவோம். 3 வோல்ட் பட்டையிலேயே விழுந்துவிட்டதால் செல்ப்புக்குக் கிடைப்பது 10.8-க்குப் பதில் 7.8. அதிலும் ஒரு பகுதியை மோட்டாரின் சுருள்களே தின்றுவிடும், மிச்சம்தான் வேகமாகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்ற வேண்டிய எஞ்சின் 120 சுற்றுதான் சுற்றும். சரி, மெதுவாகச் சுற்றுகிறது. சுற்றத்தானே செய்கிறது? டீசல் பாய்கிறது, பம்ப் வேலை செய்கிறது, பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஏன் பற்றக் கூடாது?

விஷயத்தின் மையம் இங்கே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி கொளுத்துகிறது. டீசலில் பொறி இல்லை. கொளுத்துவது அமுக்கப்பட்ட காற்றின் சூடு. மலாய், பர்மாப் பகுதி மக்கள் குழாய்க்குள் தண்டை ஓங்கி அடித்துப் பஞ்சைப் பற்றவைக்கும் தீக்கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினும் அதே இயற்பியல்தான். தண்டை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், பஞ்சு ஒருநாளும் பற்றாது. ஓங்கி அடித்தால்தான் பற்றும். காற்று அமுங்கிச் சூடாகிறது. சூடான அந்த நொடியிலிருந்தே குழாய்ச் சுவருக்குச் சூட்டை இழக்கவும் தொடங்குகிறது. முந்துவது யார் என்பதுதான் கேள்வி.

207 டிஐ போன்ற எஞ்சினில் காற்று ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்காக அமுங்குகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் சூத்திரத்தில் போட்டால், 22 டிகிரி மார்கழிக் காற்று 660 டிகிரி வரை ஏற வேண்டும். சூடும் வெளியே போகக் கூடாது, காற்றும் ரிங் வழியே கசியக் கூடாது என்ற நிபந்தனையோடு. உண்மை எஞ்சினில் இரண்டும் நடக்கும். குளிர்ந்த இரும்பு சூட்டை இழுக்கும், ரிங் கொஞ்சம் விடும். இழப்பு நடுத்தரமாக இருந்தால் அதே சூத்திரம் 430 டிகிரி அளவைத் தருகிறது. இழப்பு மிகுந்தால் 250-க்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு இழப்பு என்பதை முடிவு செய்வது நேரம். நிமிடத்துக்கு 200 சுற்றில் பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு ஏற 0.15 நொடி. 120 சுற்றில் 0.25 நொடி. சூடு தப்பவும் காற்று கசியவும் கிடைக்கும் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

250 டிகிரியில்கூட டீசல் தானே பற்றுமே என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில், சூடான பாத்திரத்தில், நொடிக்கணக்கில் விட்டுவைத்தால் பற்றும். பிஸ்டன் அவ்வளவு நேரம் காத்திருக்காது. 120 சுற்றிலும் உச்சியை ஒட்டி அது நிற்பது நூறில் இரண்டு மூன்று பங்கு நொடி. அதற்குள் தெறித்த துளி ஆவியாகி, கலந்து, பற்றியாக வேண்டும். பற்றாத டீசல் வெள்ளைப் புகையாகச் சைலன்சர் வழியே போகும்.

ஆக, சேசிஸில் ஒரு போல்ட்டுக்கு அடியில் பூத்த துரு சிலிண்டருக்குள் ஏறத்தாழ 180 டிகிரியைத் தின்றுவிட்டது. மின்சாரக் கோளாறு வெப்பக் கோளாறாக வேஷம் போட்டு வருகிறது. பற்றவில்லை, வெள்ளைப் புகை வருகிறது என்ற அறிகுறியை மட்டும் பார்ப்பவர் நாசிலையும் பம்ப்பையும் ரிங்கையும் சந்தேகிப்பது இயல்பு. எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றும்போது பற்றவில்லை என்பதைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக் கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதைக் கையாலாகாத வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் தெருவில் செய்யக்கூடிய மிக நல்ல சோதனைகளில் ஒன்று அது. இயந்திரப் பம்ப் உள்ள பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. நிறுத்துவதற்கும் ஸ்டாப்பர் வயரை இழுப்பதுதான் பல வண்டிகளில் வழக்கம். கரும்புப் பாரத்தோடு கையால் தள்ள முடியாது, டிராக்டரில் கட்டி இழுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் கியரில் நடை வேகத்தைத் தாண்டினாலே எஞ்சின் செல்ப் தரும் வேகத்தைப்போல் இரு மடங்கு சுற்றும். உடனே பற்றினால் டீசல் டேங்கிலிருந்து நாசில் வரை குற்றமற்றது என்று விடுதலை செய்துவிடலாம். கம்ப்ரஷனை மட்டும் முழுதாக விடுவிக்க முடியாது. தேய்ந்த ரிங்கின் குறையையும் வேகம் மறைத்துவிடும். எர்த்தைச் சரிசெய்து, செல்ப் மிடுக்காகச் சுற்றியும் காலையில் மட்டும் பற்ற அடம்பிடித்தால்தான் அந்த வழக்கைத் திறக்க வேண்டும்.

இழுத்தும் பற்றவில்லையா? சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை. பம்ப்பைக் கழற்றுமுன் ஸ்டாப்பர் வயர் இழுத்த இடத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பம்ப்பின் லீவரைத் தட்டிப் பார்ப்பது நல்லது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம். அடுத்த சந்தேகம் ஏர்.

'ஏர் புடிச்சிருச்சு' என்பது டீசல் மெக்கானிக்குகளின் அன்றாடப் பேச்சு. டேங்க் வறண்டாலோ, ஃபில்டர் மாற்றியபின் சரியாக இறுக்காவிட்டாலோ, உறிஞ்சு பக்கக் குழாயில் வெடிப்பு விட்டாலோ காற்று புகும். டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஒழுகலைத் தேடிப் பயனில்லை. ஒரு முறைக்கு நாசில் தெளிக்கும் டீசல் ஏறக்குறைய ஒரு சொட்டு. அந்தச் சொட்டை, வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால்தான் நாசில் ஊசி எழும்பித் திறக்கும். திரவம் அமுங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. பம்ப்பின் பிளஞ்சர் முன்னே காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் ஏறும்போது குமிழி சுருங்கும், இறங்கும்போது விரியும். அதே குமிழி, அதே இடம்; நாசில் வரை எதுவும் போகாது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை, பிறகு குமிழி கலந்த டீசல், பிறகு கம்பிபோல் தெளிந்த டீசல் வரும். அப்போது இறுக்க வேண்டும். அதன்பின் நாசில் பக்க நட்டைத் தளர்த்தி செல்ப் எடுத்து அங்குள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும். வேலை செய்யும் நாசிலின் முன் விரலை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் சின்னத் தடம்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனி வியாதியும் உண்டு: வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து கடலூர் மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. நின்ற இடத்திலேயே முழுகிய வண்டிகளுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. முதல் விதி, சாவியைத் தொடாதே. காற்று வடிகட்டி வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. திரவம் அமுங்காது என்ற அதே குணம் பம்ப்பில் உதவி, இங்கே எமன். செல்ப்பின் விசையில் கனெக்டிங் ராடே வளையும். எஞ்சின் 'டக்' என்று ஓரிடத்தில் நின்று மேலே நகராவிட்டால் அது எச்சரிக்கை. நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

டேங்கில் புகுந்த தண்ணீர் இன்னும் தந்திரமானது. டீசலின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 0.83 பங்கு, ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். டீசல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் கோடு கிழித்ததுபோல் இரண்டு அடுக்கு தெரியும். பம்ப்பின் பிளஞ்சர் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் ஓடுவது. டீசலே அதற்கு மசகு. தண்ணீர் பட்டால் அது துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தப் பம்ப்புகளைச் செய்கிற, 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனி போஷ் என்று பெயர் மாறியது 2008-ல். நம் ஊர்க் கடைகளில் அது இன்னமும் மைக்கோ பம்ப்தான்.

கரும்பு வண்டி பட்டையைத் தேய்த்து இறுக்கியதும் எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடுகிறது. இப்போது மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று பொருள். அதைப் பார்த்ததும் மீட்டரை எடுத்துவிடாமல் ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போதும் 13.5-க்கு மேல் நின்றால் சரி. 12.5-க்கு இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்கிறது. பகலில் விளக்கில்லாமல் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. இருட்டில் கோயம்பேடு வரை போய்ச் சேர்ந்து, கரும்பை இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்பும்போது தெரியும்.